மேப்பிள் இலை இருந்தால் கனடா ஒயினா? ஆரணி நெசவாளர் கேட்ட கேள்வி!

ஆரணி:
டொரண்டோவில் வேலை பார்க்கும் தம்பி மகன் லீவில் ஊருக்கு வந்தான். பெட்டியில் பெரியப்பாவுக்கு ஒரு பாட்டில். கனடா நாட்டு சிவப்பு ஒயின்!

வீட்டில் ஒரே களேபரம்.

"போலீசு வந்தா யாரு பதில் சொல்றது? தூக்கிப் போடுங்க" என்று பெரியம்மா சத்தம் போட்டார்.

பயம் நியாயமானதுதான். பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் பலி வாங்கியது. மெத்தனாலை மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது!

ஆனால் இது சீல் உடையாத பாட்டில். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் வரை மது கொண்டுவந்தால் சுங்க இலாகா வரி கேட்பதில்லை.

பெரியவர் 40 வருஷம் தறியில் உட்கார்ந்தவர். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலை படம் போட்டா கனடா சரக்கா? எங்கியோ நெய்ஞ்ச பொடவய ஆரணிப் பட்டுன்னு விக்கிறாங்களே, அந்த மாதிரி இல்லியே?" என்றார்.

சரியான கேள்வி!

முத்திரை எங்கே?

ஒண்டாரியோ மாநிலத்தில் நயாகரா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒகனாகன் பள்ளத்தாக்கு... இவை திராட்சைக்குப் பேர்போன இடங்கள். அந்தந்த மாநிலத்தில் விளைந்த திராட்சையில் மட்டும் செய்து, சோதனையில் தேறிய ஒயினுக்கு 'வி.கியூ.ஏ.' முத்திரை உண்டு. ஒண்டாரியோவில் 1999-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். நம்ம பட்டுக்கு 2004-ல் வந்த 'சில்க் மார்க்' மாதிரி என்று வையுங்கள்.

வெளிநாட்டு ஒயினை இறக்கி, உள்ளூர் ஒயினோடு கலந்து விற்பதும் அங்கே சட்டப்படியே நடக்கிறது. 2018 முதல் அதை லேபிளில் தெளிவாக எழுத வேண்டும். முத்திரை வாங்காத நல்ல தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே பொடி எழுத்தைப் படிப்பதே உத்தமம்.

இந்த பாட்டிலில் முத்திரை இருந்தது. பெரியவர் முகத்தில் சிரிப்பு!

கண், மூக்கு, நாக்கு

ஆரணி வெயிலுக்கு அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்தார்கள். சூடாக இருந்தால் சாராய நெடிதான் தூக்கும். டம்ளரில் கால்வாசிக்கு மேல் ஊற்றக்கூடாது.

வெள்ளை வேட்டிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். ஓரம் ஊதாவாக இருந்தால் இளசு. செங்கல் நிறமா? வயசானது. சாயப் பட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, பெரியவர் உடனே "எளசு" என்றார்.

பிறகு டம்ளரைச் சுழற்றி மோந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார். கபர்னே பிராங்க் என்ற திராட்சை. குளிர் நாட்டில் பழுப்பதால் புளிப்பு தூக்கல். தோலோடு ஊறுவதால் துவர்ப்பு.

"நாவப்பழம் தின்னாப்ல நாக்கு இழுக்குதே!"

இதைத்தான் டானின் என்கிறார்கள். ஒரே மடக்கில் கவிழ்க்கும் ஆசாமிகளுக்கு இது தெரியாது.

"கம்பம் பன்னீர் திராட்சைக்குக்கூட 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே, அதுல போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை நீட்டினார்.

மீதியைப் பெரியம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"திறந்த ஒயின் நாலஞ்சு நாள்ல கெட்டுடும் பெரியம்மா" என்று தம்பி மகன் கெஞ்சினான்.

சாவி கிடைத்தபாடில்லை!