தோலும் தண்டும் போட்ட பொங்கல் சாப்பாடு

பொங்கலன்று உங்கள் வீட்டு இலையில் எத்தனை காய்?

எங்கள் வீட்டில் ஏழு. பரங்கி, அவரை, மொச்சை, கத்தரி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி. ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். ஒன்று குறைந்தால் அம்மா அப்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். இந்தப் பட்டியலைப் போலவே மாறாத இன்னொன்றும் உண்டு. எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, மூன்றரை மணிக்கு, ஆறிப்போன சாதத்தோடு அம்மா அடுப்படியில் தனியாக உட்காருவாள். முப்பது வருஷமாகப் பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை.

போன பொங்கலுக்கு ஒன்பது நாள் முன்பு அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கும்பகோணத்திலிருந்து பெரியப்பா, பெரியம்மா வேறு வருகிறார்கள். "நாங்க பார்த்துக்கறோம்" என்று நானும் என் மனைவியும் வீரம் பேசிவிட்டோம். நானோ பி.காம்.! அதுவரை அரிவாள்மணையில் உட்கார்ந்ததுகூட இல்லை.

ஏழு காய்க்கு இரண்டு பேர் தாங்காது. அரைக்கிற வேலை, வறுத்துப் பொடிக்கிற வேலை எதுவும் கிடையாது என்று தீர்மானம் போட்டோம். காலிபிளவரையும் பீட்ரூட்டையும் பார்த்ததும் பெரியம்மா முகம் மாறிவிட்டது.

"ஏண்டா, பண்டிகையும் அதுவுமா இங்கிலீஷ் காயா?"

விடுவேனா! "பெரியம்மா, நீங்க வருஷா வருஷம் போடற பரங்கிக்காய் யாருது? பேர்லயே பரங்கி இருக்கே!" என்றேன். பரங்கி, சர்க்கரைவள்ளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-ல். அதற்கப்புறம் போர்ச்சுகீசியர் புண்ணியத்தில் வந்ததுதான் மிளகாய். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. மிளகு மாதிரி காரமான காய் என்பதால்தான் மிளகாய் என்ற பெயரே. அந்த மிளகாயைப் பண்டிகைக்குச் சேர்க்கலாம், காலிபிளவரைச் சேர்க்கக் கூடாதா? பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் ஹீரோ, வாழைக்காய்த் தோல். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒன்று படித்தேன். பரீட்சையில் உதவாதது இங்கே உதவியது. காயின் மேல் நாரை மட்டும் லேசாகச் சீவிவிட்டு, தோலைத் தடிமனாக உரியுங்கள். பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நான் தடவவில்லை. மூன்று நாளைக்கு ஸ்கூட்டர் மெக்கானிக் கை! மஞ்சள்தூள், உப்பு போட்டு வேகவைத்து வடித்து, ஒரு கைப்பிடி வெந்த காராமணி சேர்த்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, தேங்காய்த் துருவலைத் தூவி இறக்க வேண்டியதுதான். லேசாகத் துவர்க்கும். அந்தத் துவர்ப்புதான் ருசியே.

சர்க்கரைவள்ளியை எல்லோரும் வெல்லம் போட்டுத்தான் வேகவைப்பார்கள். இலையில் ஏற்கெனவே சர்க்கரைப் பொங்கல் இருக்கும்போது இன்னொரு இனிப்பு எதற்கு? நன்றாகக் கழுவித் தோலோடு அரைவேக்காடாக வேகவைத்து, வட்டமாக நறுக்கி, தோசைக்கல்லில் துளி எண்ணெய், மிளகுத்தூள், உப்போடு இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தோம். சூட்டோடு சாப்பிட வேண்டும், ஆறினால் தொய்ந்துவிடும்.

காலிபிளவரில் பூ சாம்பாருக்குப் போயிற்று. தண்டின் மேல் தோலைச் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, தண்ணீர் தெளித்து வேகவைத்து, மிளகு சீரகப் பொடி. மறுநாள் மாட்டுப் பொங்கல். மாட்டுக்குப் போக வேண்டியதை ஒரு நாள் முன்னாடியே நாங்கள் அபகரித்துவிட்டோம். பீட்ரூட்டைத் துருவி வதக்கி, ஆறியதும் தயிரில் போட்டால் ரோஸ் கலர் பச்சடி. குழந்தைகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

"நாலுதானேடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"அப்பளத்தோட அஞ்சும்மா!"

பன்னிரண்டே காலுக்கு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. எல்லோரும் என்றால் அம்மாவும். இடது கையில் ஸ்பூன். ஒரு வாய் எடுத்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. உப்பு கூடிவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"சாதம் சூடா இருக்குடா" என்றாள்.

என் மனைவி சட்டென்று எழுந்து ரசம் கொண்டுவரப் போய்விட்டாள். ரசம் இலைப் பக்கத்திலேயேதான் இருந்தது.

பெரியம்மா தோல் பொரியலை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, "இது என்னடா, கொத்தவரங்காயா?" என்றாள். சொன்னேன். பெரியம்மா திகைக்க, பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"தோல் இங்கே இருக்கு. வாழைக்காய் எங்கேடா?"

உரித்த காய் ஆறும் அடுப்படியில் தண்ணீர்ப் பாத்திரத்தில் அப்படியே கிடந்தன! சாயங்காலம் பஜ்ஜி.

கட்டைப் பிரித்து மாதக்கணக்காகிறது. இந்த வருஷம் மறுபடியும் ஏழு காய் என்று ஆரம்பித்திருக்கிறாள் அம்மா. நாங்கள் நாலில் நிற்கிறோம். "வாழைக்காயையும் சேர்த்துச் சமைக்கறதா இருந்தா அஞ்சுக்கு ஒத்துக்கறேன்" என்று நேற்று கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள்.