மலைத் தவளைக்கு மேலே இடம் எங்கே?

காரைக்காலில் மேடு என்றால் வரப்புதான். ஐப்பசி மழையில் வயல் நிரம்பியதும் பெரிய தவளைகள் கத்தத் தொடங்கும். ஆண் பளீரென்று மஞ்சளாகி, கழுத்தோரம் இரண்டு நீலப் பைகளை உப்பவைக்கும். முட்டை நீரில், பிறகு தலைப்பிரட்டை, அப்புறம் தவளை. எல்லாம் சமதளத்தில் நடக்கும் கதை.

மலையில் கதை வேறு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும். தவளைக்குத் தோலும் ஒரு நுரையீரல். அதன் ஈரம் காய்ந்தால் மூச்சு முட்டும். அதனால் ஒவ்வொரு இனமும் தனக்கேற்ற குளிரும் ஈரமும் உள்ள உயரத்தில் நின்றுவிடுகிறது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியில் கண்டு, 2010இல் விவரிக்கப்பட்ட செம்மஞ்சள் புதர்த்தவளை ஓர் உதாரணம். அதன் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது, குட்டித் தவளையே வரும். குளம் தேவையில்லை; ஈரம் மட்டும் போதும்.

எந்த இனம் எந்த உயரத்தில் என்று ஆய்வாளர்கள் எப்படி அறிகிறார்கள்? குறித்த உயரங்களில் இரவில் விளக்கோடு நடந்து, குரல் கேட்டு எண்ணுவார்கள். கூடவே வெப்பம், ஈரப்பதம் குறிப்பார்கள்.

சூடு கூடினால் அடிவாரத் தவளை மேலே ஏறலாம். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?