கரை எல்லாருக்கும் உரியது

ஏரி என்றதும் நம் மனக்கண்முன் கரையும், கரைக்கு அப்பால் வயலும் தோன்றும். ஆனால் மிச்சிகன் ஏரியின்முன் நின்றபோது எனக்கு மறுகரையே தெரியவில்லை. அலைகள் எழுந்து மோதின. காற்றில் உப்பு வாடை மட்டும் இருந்திருந்தால், கடல் என்றே நம்பியிருப்பேன்.

சென்ற கோடையில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வாழும் என் தமக்கையின் மகன் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். ஒரு மாலை அவனும் அவனுடைய சிறுமியும் நகரின் நடுவேயுள்ள கிராண்ட் பூங்காவிற்கு என்னை அழைத்துச் சென்றனர். மேற்கே வானை முட்டும் மாளிகைகள், கிழக்கே நீர்ப்பரப்பு, இடையே 300 ஏக்கருக்கு மேல் விரிந்த புல்வெளியும் மரங்களும்.

"நுழைவுச் சீட்டு எங்கே வாங்குவது?" என்று கேட்டேன்.

"சீட்டே கிடையாது, சாமி மாமா. யாரும் வரலாம்" என்றான்.

பூங்காவின் நடுவில் பக்கிங்காம் நீரூற்று உள்ளது. கேட் பக்கிங்காம் என்னும் சீமாட்டி, மறைந்த தம் சகோதரரின் நினைவாக 1927ஆம் ஆண்டு அளித்த கொடை அது. ஏரியைச் சூழ்ந்த நான்கு மாநிலங்களுக்கு அடையாளமாக நான்கு இணைக் கடற்குதிரைகள் அதில் நிற்கின்றன. நடுத்தாரை 150 அடி உயரம் எழும்பியபோது, "சாமித் தாத்தா, மழை!" என்று கூவிச் சிறுமி கைகளை விரித்தாள்.

அருகிலிருந்த இருக்கையில் ஒரு முதியவர், காகிதத்தில் பொதிந்த ரொட்டியைப் பிட்டு உண்டுகொண்டிருந்தார். அவர் காலணி கிழிந்திருந்தது. பின்னாலிருந்த மாளிகையின் உச்சியில் வாழும் செல்வர் காணும் அதே ஏரியை அவரும் கண்டார். பொன்னுக்கு நிகரான விலை பெறும் இந்நிலம் ஏழைக்கும் எவ்வாறு எஞ்சியது?

1836ஆம் ஆண்டு, கால்வாய் வெட்டப் பணம் திரட்டுவதற்காக இங்கே மனைகள் விற்கப்பட்டன. அப்போது வரைபடத்தில் ஏரிக்கரையைக் குறித்து, இது பொது நிலம், கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்திருக்க வேண்டியது என எழுதிவைத்தனர் அதிகாரிகள். 1871இல் பெருந்தீ நகரை விழுங்கிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். எரிந்த நகரின் இடிபாடுகளைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டினார்கள். அந்தச் சாம்பல் மேட்டின் மீதுதான் இன்றைய பூங்காவின் ஒரு பகுதி பூத்துக் குலுங்குகிறது.

காலப்போக்கில் வரைபடத்து வாசகம் மறக்கப்பட்டது. குப்பையும் கொட்டகைகளும் கரையை நிரப்பின. அரசுக் கட்டடங்களுக்கும் திட்டங்கள் எழுந்தன. எதிரே அலுவலகம் வைத்திருந்த அஞ்சல்வழி வணிகர் ஆரன் மான்ட்கோமரி வார்டு, 1890இல் வழக்குத் தொடுத்தார். இருபது ஆண்டுகள், நான்கு முறை மாநில உச்ச நீதிமன்றம் வரை அவ்வழக்குகள் சென்றன. புகழ்பெற்ற ஃபீல்டு அருங்காட்சியகத்தையே பூங்காவில் கட்ட முற்பட்டபோதும் அவர் தடுத்தார். நாளிதழ்கள் அவரை வைதன, நண்பர்கள் விலகினர். நான் போராடுவது கோடீசுவரர்களுக்காக அன்று, ஏழைகளுக்காகவே என்றார் அவர். 1913இல் அவர் மறைந்தார். அருங்காட்சியகமோ பூங்காவிற்குத் தெற்கே, தூர்த்த நிலத்தில் எழுந்து 1921இல் திறக்கப்பட்டது. நகரம் இரண்டையும் பெற்றது!

திறந்த இடம் மக்களை ஒன்று சேர்க்கிறது. இப்பூங்காவில் அண்டை மனைக்காரர்களின் இசைவோடு எழுந்த கலைக்கூடக் கட்டடத்தில்தான் 1893இல் உலகச் சமய மாநாடு கூடிற்று. கர்தினால் கிப்பன்ஸ் அங்கே கிறிஸ்து கற்பித்த செபத்தைச் சொன்னார். இராமநாதபுரம் சேதுபதியும் சென்னை அன்பர்களும் ஊக்குவித்து அனுப்பிய விவேகானந்தரும் அங்கே பேசினார். 1979 அக்டோபர் 5 அன்று, இதே புல்வெளியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருப்பலி நிறைவேற்றினார். பல இலட்சம் மக்கள் திரண்டனர். வேலியும் கட்டடமும் நிறைந்திருந்தால் அவர்கள் எங்கே நின்றிருப்பர்?

அழகிய இடங்கள் சிலருடைய உடைமையாகிப் பிறருக்கு அடைபடுவதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் சுட்டிக்காட்டி வருந்தினார். அது அன்று என் நினைவிற்கு வந்தது. உடனே வெட்கமும் வந்தது.

எம் கோவிலை ஒட்டி ஒரு திடல் உண்டு. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் மாலையில் அங்கே விளையாடுவர். அதில் கடைகள் கட்டினால் பங்கிற்கு வருவாய் பெருகும் என்று ஒரு திட்டம் வகுத்திருந்தோம். அந்த வரைபடத்தில் முதற் கையொப்பம் என்னுடையது.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் ஊரில் எல்லாருக்கும் பொதுவாய் எஞ்சியிருக்கும் குளக்கரை எது, திடல் எது? அதற்காக வாய் திறப்பவர் எவரேனும் உண்டா? நல்ல நோக்கத்தோடு எழும் கட்டடமே சில வேளைகளில் ஏழையின் இடத்தைப் பறித்துவிடுகிறது என்பதை மறவாதிருப்போம்.

ஊர் திரும்பியதும் அவ்வரைபடத்தைப் பங்குப் பேரவையின்முன் மீண்டும் வைத்து, என் கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். "கோவில் கூரை ஒழுகுகிறதே, சுவாமி! பணத்திற்கு எங்கே போவது?" என்றார் பொருளாளர். நியாயமான கேள்வி. கூரைக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். திடலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.