1968 சடங்கில் பெற்ற குருப்பட்டம் செல்லுமா?

கத்தோலிக்கக் குருப்பட்டத்தின் உயிர்நாடி இரண்டு: ஆயர் தலைமேல் கை வைப்பது, பின் சொல்லும் திருநிலைப்பாட்டு மன்றாட்டு. இந்தச் சடங்கைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூன் 18 அன்று திருத்தியமைத்தார். புதிய சடங்கில் பெறும் பட்டம் செல்லாது என்று, பழைய வழிபாட்டையே விரும்பும் மரபுவாதிகளில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். பட்டம் செல்லாவிட்டால் திருப்பலியும் பாவமன்னிப்பும் செல்லாது. எடுத்துக்காட்டாக, 2002-இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தில், கூடுவாஞ்சேரி உட்பட, இன்று பணியாற்றும் குருக்களில் ஏறக்குறைய அனைவரும் புதிய சடங்கில் பட்டம் பெற்றவர்களே.

ஐயத்துக்கு முன்னுதாரணம் உண்டு. ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் செல்லாதவை என்று 1896-இல் பதின்மூன்றாம் லியோ தீர்ப்பளித்தார். மன்றாட்டின் சொற்களிலும் சடங்கின் நோக்கத்திலும் குறை இருந்ததே அவர் சொன்ன காரணம். அதே குறை 1968 சடங்கிலும் உண்டு என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள்.

குருக்களுக்கான மன்றாட்டில் மாற்றம் மிகச் சிறியது. பன்னிரண்டாம் பயஸ் 1947-இல் இன்றியமையாதது என்று வரையறுத்த இலத்தீன் வாக்கியத்தில், 'உத்' என்ற இணைப்புச் சொல் விடுபட்டது; பொருள் மாறவில்லை. புதிய குரு அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் தொடுவதே பட்டத்தின் சாரம் என்று முன்பு பலர் கருதினர். செல்லுபடிக்கு அது தேவையில்லை என்று தீர்த்ததும் 1947 ஆணைதான்.

ஆயர்களுக்கான மன்றாட்டோ முழுதும் மாறியது. அதில் வரும் 'தலைமை ஆவி' என்ற தொடர் ஆயர் பதவியைத் தெளிவாகக் குறிக்கவில்லை என்பதே முக்கிய ஆட்சேபம்; ஆயரின் பட்டம் செல்லாவிட்டால் அவர் திருநிலைப்படுத்தும் குருவின் பட்டமும் செல்லாது. ஆனால் அந்த மன்றாட்டு, 'திருத்தூதர் மரபு' என்னும் பண்டைய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதை ஒத்த மன்றாட்டால் திருநிலைப்படும் காப்டிக் ஆயர்களின் பட்டத்தை ரோம் ஏற்கிறது.

தமிழ்நாட்டில் பழைய இலத்தீன் திருப்பலியை நடத்திவரும் புனித பத்தாம் பயஸ் குருக்கள் சபைக்குப் பாளையங்கோட்டையில் இல்லம் உண்டு. பேராயர் லெஃபெவ்ர் 1970-இல் தொடங்கிய சபை அது. புதிய வழிபாட்டைக் கடுமையாக விமர்சிக்கும் அந்தச் சபைகூட, 1968 சடங்கே செல்லாதது என்று சொல்வதில்லை. குறிப்பிட்ட ஒருவரின் பட்டத்தில் ஐயம் எழுந்தால் மட்டும், 'முன்பு செல்லாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு மறுபடி பட்டம் தருகிறது. அடியோடு மறுப்பவர்கள், இன்றைய திருத்தந்தையரையே ஏற்காத சிறு குழுக்கள்.

அருட்சாதனம் செல்ல வேண்டுமே என்ற அக்கறை நியாயமானது. ஆனால் கை வைத்தலும் பட்டத்தைக் குறிக்கும் மன்றாட்டும் போதும் என்ற 1947-இன் அளவுகோலுக்கு 1968 சடங்கு முழுதும் பொருந்துகிறது. பங்குக் குருவின் கையிலிருந்து நற்கருணை பெறும் இறைமக்கள் கலங்க வேண்டியதில்லை.