கதவில்லா வண்டிக்கு ஒரு கதவு

மோட்டார் வண்டியைக் கட்டுகிறவர்களுக்கு எஞ்ஜினைக் காட்டிலும் ஒரு விதத்தில் அதிகத் தொல்லை கொடுப்பது கதவு. எஞ்ஜினுக்கு உள்ளது ஒரே வேலை. வண்டியை இழுத்துவிட்டால் அதன் கடமை தீர்ந்தது. கதவுக்கோ வேலைகள் பல. திறந்தால் விசாலமாகத் திறக்க வேண்டும். மூடினால் கடகடவென்று ஆடாமல் மூட வேண்டும். மழையை வெளியே நிறுத்த வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்க வேண்டும். பக்கத்திலிருந்து வேறொரு வண்டி வந்து மோதினால் அந்த அடியையும் முதலில் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் மேலே, "எஜமானர் விரும்பும்போது நீ அடியோடு இல்லாமலே போய்விட வேண்டும்" என்றும் அதற்குக் கட்டளையிட்டால் என்ன ஆகும்? காற்றாடச் சவாரி செய்வதற்கென்றே ஏற்பட்ட வண்டிகளின் கதவுக்கு இட்டிருக்கும் கட்டளை இதுதான். அந்தக் கட்டளையை நிறைவேற்றச் சிற்பிகள் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

ஆதியில் மோட்டார் வண்டிகளுக்கு முன்பக்கத்தில் கதவே கிடையாது. குதிரை வண்டியைப் போல ஏறி உட்கார்ந்து போக வேண்டியதுதான். 1908ஆம் வருஷம் ஃபோர்டு கம்பெனியார் வெளியிட்ட புகழ் பெற்ற "டி" மாடல் வண்டியும் அப்படித்தான் பிறந்தது. சில வருஷங்களில் முன்பக்கத்துக்கும் கதவு வந்தது. ஆனால் அமெரிக்காவில் செய்த வண்டியில் ஓட்டுகிறவர் உட்காரும் இடது பக்கத்தில் இருந்தது வெறும் வேஷக் கதவு! தகட்டின் மேல் கதவைப் போலக் கோடு பொறித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கைப் பிரேக் அந்தப் பக்கத்தில் இருந்ததால் அங்கே கதவு திறந்தும் பிரயோசனம் இல்லை என்று எண்ணிவிட்டார்கள் போலும். பக்கத்துத் தேசமான கானடாவில் செய்த அதே வண்டிக்கு உண்மையான கதவே இருந்தது. அமெரிக்க வண்டியோட்டி தமக்கென்று ஒரு நிஜக் கதவைப் பெற 1926ஆம் வருஷ மாடல் வரையில் காத்திருக்க நேர்ந்தது.

கதவு வந்த வரலாறு இப்படி இருக்க, வந்த கதவைப் பிடுங்கி எறிந்த பெருமை யுத்தத்தைச் சேர்ந்தது. 1940ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அமெரிக்க ராணுவத்தார், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சிறிய வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதினார்கள். வண்டியின் எடை 1,300 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது என்று முதலில் ஒரு நிபந்தனை. இது நடவாத காரியம் என்று பிறகு தெரிந்துகொண்டு, 2,160 ராத்தல் வரையில் இறங்கி வந்தார்கள். பாண்டம் என்ற சிறு கம்பெனிக்காகக் கார்ல் பிராப்ஸ்ட் என்பவர் வரைந்த வண்டி அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே ராணுவ முகாமுக்கு ஓடி வந்தது. வில்லிஸ் கம்பெனியின் வண்டியோ அனுமதித்த எடையை மீறி நின்றது. அதன் பிரதம எஞ்ஜினீயர் பார்னி ரூஸ், ஒவ்வொரு திருகாணியின் நீளத்தையும் அளந்து குறைத்து, வர்ணம் ஒரு பூச்சுக்கு மேல் வேண்டாமென்று கணக்குப் பார்த்து எடையைக் கரைத்ததாகச் சொல்வார்கள். பூச்சின் எடையைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் இரும்புக் கதவுக்கு எங்கே இடம் கொடுப்பார்கள்? மேலும், குண்டு வந்து விழும்போது கைப்பிடியைத் தேடிக்கொண்டிருக்க அவகாசம் ஏது? பக்கத் தகட்டை வளைவாக வெட்டிவிட்டு, அந்த வாயிலின் குறுக்கே ஒரு வாரைக் கட்டினார்கள். யுத்தம் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அத்தனைக்கும் கதவு என்று இருந்தது அந்த வார்தான்.

மழைக்கும் குளிருக்கும் கித்தான் படுதா உண்டு. இந்தியாவிலும் ஜீப்பை நம்மவர்கள் பெரும்பாலும் அந்தப் படுதாவோடுதான் அறிவார்கள். 1945ல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தேசம் பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதி மந்திரியானார். 1948ல் கம்பெனியின் பெயரும் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று மாறியது. அவர்கள் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியதிலிருந்து, தாசில்தாரின் சுற்றுப் பயணம், போலீஸ், காப்பித் தோட்டம், தேர்தல் பிரசாரம் எல்லாம் அந்தத் திறந்த வாயிலின் வழியே ஏறி இறங்கின. தேனி, போடி வட்டாரத்திலிருந்து ஏலத் தோட்டத்துக்குத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, கதவில்லாத வண்டி எவ்வளவு சௌகரியம், எவ்வளவு பயங்கரம் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு குடும்பஸ்தர்களும் ஜீப் வாங்க முன்வந்தார்கள். அவர்களுக்கு இரண்டும் வேண்டும்: மார்கழியில் கதவு, சித்திரையில் கதவின்மை. 1976ல் வந்த சி.ஜே.7 என்ற ஜீப்பில், கெட்டியான மேற்கூரையோடு எஃகுக் கதவையும் விரும்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 1986ல் அதன் வாரிசாக வெளிவந்த ராங்ளர் வண்டியில், கழற்றி மாட்டும் கதவு என்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது.

அந்தக் கலையின் உயிர் நாடி கீல். சாதாரணக் காரின் கீல் உடம்புக்குள்ளே மறைந்திருக்கும். கதவைக் கழற்றப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ராங்ளரின் கீல் வெளியே தெரிகிறது. உடம்போடு சேர்ந்த பாதியில் மேல் நோக்கிய துவாரம். கதவோடு சேர்ந்த பாதியில் கீழ் நோக்கிய முளை. நம் கிராமத்து வீட்டுக் கதவின் குமிழ் குடையில் உட்காருகிறதல்லவா, அதே தத்துவந்தான். கதவின் கனமே அதைத் தன் இடத்தில் உட்கார வைக்கிறது. அது தானாக எழும்பிவிடாதபடி ஒரு திருகாணி காவல் இருக்கிறது. திருகாணியை எடுத்துவிட்டுக் கதவை இரு கைகளாலும் நேரே மேலே தூக்கினால் வந்துவிடும். 2018ஆம் வருஷ மாடலிலிருந்து, எந்த அளவுத் திருகுளி வேண்டும் என்பதைக் கீலிலேயே பொறித்து, கருவிகளையும் வண்டியோடு கொடுத்துவிட்டார்கள். கதவையும் அலுமினியத்தில் செய்து கனத்தைக் குறைத்தார்கள். இவை சிறிய காரியங்களே. ஆனால், மற்றக் கார்களைச் செய்கிறவர்கள் தங்கள் கதவை வீட்டுக்காரர் தொடவே கூடாது என்று நினைக்கும்போது, "தாராளமாகத் தொடுங்கள், இதோ திருகுளி" என்று ஒரு கம்பெனி சொல்வது நமக்குப் பிடித்திருக்கிறது.

கீலோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. கதவு அளவுக்கு மீறித் திறந்துவிடாமல் தடுக்க மற்றக் கார்களில் ஓர் இரும்புக் கை இருக்கும். ராங்ளரில் வெகு காலம் வெறும் துணிவார்தான் இருந்தது. கழற்றச் சுலபம். ஆனால் கதவைப் பாதியில் நிறுத்திப் பிடிக்கும் சக்தி வாருக்கு ஏது? சரிவில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவரின் முழங்காலில் கதவு திரும்பி வந்து முத்தமிடும். பிறகு மின்சாரக் கம்பி. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தான்களைக் கதவில் வைத்தால் கம்பிகள் அதிகமாகும். ஆகையால் 2007ஆம் வருஷ மாடலிலிருந்து அவற்றை முன் பலகையின் நடுவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே பிடுங்கி மாட்டும் செருகி ஒன்று போதுமென்றாயிற்று.

இனி, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி. அது கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவைக் கழற்றி வீட்டில் வைத்தால் கண்ணாடியும் வீட்டிலேயே தங்கிவிடும். கண்ணில்லாமல் சாலையில் போக வேண்டியதுதான். ராங்ளர்காரர்கள் இதற்காகத் தனிக் கண்ணாடி வாங்கிக் கீலில் பொருத்திக்கொள்வார்கள். 2021ல் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் பழைய பிராங்கோ வண்டிக்குப் புத்துயிர் கொடுத்தபோது இந்தக் குறையைக் குறி வைத்து அடித்தார்கள். 1966ல் வந்த முதல் பிராங்கோவின் ஒரு ரகத்துக்குக் கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. புதியதில் கதவு உண்டு. ஆனால் பக்கக் கண்ணாடிகள் கதவில் இல்லாமல், முன்கண்ணாடியின் அடியில் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கின்றன. கதவின் ஜன்னலைச் சுற்றிச் சட்டம் கிடையாது. ஆகையால் கதவு குட்டையாகிறது. நான்கு கதவு வண்டியில் நான்கையும் பைகளில் போட்டு வண்டியின் பின்னாலேயே வைத்துக்கொண்டு போகலாம். நடு வழியில் மழை பிடித்துக்கொண்டால் கதவு கூடவே இருக்கிறது. ராங்ளர்காரருடைய கதவோ நாற்பது மைலுக்கு அப்பால் வீட்டில் சுகமாகச் சாய்ந்திருக்கும்!

இதுவரை சொன்னது சௌகரியம். அபாயத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதானே முக்கியம்?

கதவுத் தாழ்ப்பாளின் பெரிய வேலை திருடனைத் தடுப்பதல்ல. மோதலின்போது உள்ளே இருப்பவரை வெளியே வீசி எறியாமல் காப்பது. இதற்காக அமெரிக்க அரசாங்கத்தார் 1968 முதல் தாழ்ப்பாளும் கீலும் எவ்வளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்று விதி ஏற்படுத்தி அமுல் நடத்தி வருகிறார்கள். ஆனால், கதவின்றியே ஓடுவதற்காகச் செய்த வண்டியில் சுலபமாக மாட்டிக் கழற்றக்கூடிய கதவுக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். நியாயந்தான், இல்லாத கதவை எப்படிப் பரீட்சிப்பது? ஆயினும் சட்டம் விலக்கு அளிக்கலாமே தவிர, மோதல் விலக்கு அளிப்பதில்லை. கதவைக் கழற்றிய வண்டியில் பயணியைத் தாங்குகிறவை இடுப்பும் தோளும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட், தலைக்கு மேலுள்ள எஃகு வளைவு, காலடியில் உள்ள விளிம்புச் சட்டம் ஆகியவையே. பெல்ட் போடாதவருக்கு இவற்றில் எதுவும் துணை இல்லை.

நாலு கதவு வண்டி விஷயத்தில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு கதவு ஜீப்பில் பின் ஆசனத்தின் பக்கத்தில் தகட்டுச் சுவர் இருக்கிறது. முன் கதவைக் கழற்றினாலும் பின்னால் உட்காரும் குழந்தைக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. நான்கு கதவு வண்டியில் பின் கதவையும் எடுத்துவிட்டால், குழந்தையின் தோளுக்கு அடுத்தது சாலைதான். கை நீட்டினால் காற்று. விளையாட்டுச் சாமான் நழுவினால் தார். சிறுவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் முன் கதவுகளை மட்டும் கழற்றி, பின் கதவுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். காற்றுக்கு அதனால் பெரிய குறைவு வந்துவிடாது. 2024ஆம் வருஷ மாடல் ராங்ளரில் முன், பின் இரு வரிசைகளுக்கும் திரைபோல் விரியும் காற்றுப் பைகளை மேலிருந்து இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். தலைக்கு அது நல்ல காப்பு.

நடுவழி ஒன்றும் உண்டு. அதுதான் அரைக் கதவு. இடுப்பளவுக்கு எஃகு, அதற்கு மேல் வேண்டும்போது செருகி எடுக்கும் துணி ஜன்னல். இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. 1945 முதல் 1949 வரையில் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. "டி.சி." வண்டியின் கதவு, ஓட்டுகிறவரின் முழங்கை வீசி இயங்குவதற்காகவே மேல் விளிம்பில் தாழ வெட்டியிருக்கும். 1948ல் வந்த ஜாக்குவார் "எக்ஸ்.கே.120" திறந்த வண்டிக்கு வெளியே கைப்பிடியே கிடையாது, கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். அரைக் கதவில் கை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. பாதத்துக்கு அருகே திறந்த வெளி இல்லை. கழற்றிய கதவை எங்கே வைப்பது என்ற கவலையும் இல்லை. முழுக் கதவின் பலம் அதற்கு வராது. ஆனாலும் காற்றும் வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சிறந்தது நாம் கண்டதில்லை.

கதவைக் கழற்றாமலே மறையச் செய்தவர்களும் உண்டு. 1954ல் வந்த கெய்ஸர் டாரின் என்ற அமெரிக்க வண்டியின் கதவு முன்பக்கத்து மட்கார்டுக்குள்ளே நழுவிப் போகும். 435 வண்டிகளோடு அந்தக் கதை முடிந்தது. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1989 முதல் 1991 வரையில் செய்த "இஸட்1" வண்டி இன்னும் விசித்திரமானது. அதன் கதவு பக்கவாட்டில் திறப்பதே இல்லை. பொத்தானை அழுத்தினால் மின்சார மோட்டாரும் பல் வைத்த வாரும் சேர்ந்து ஜன்னலோடு கதவைக் கீழே இழுத்து உயரமான விளிம்புச் சட்டத்துக்குள் ஒளித்துவிடும். கதவு இறங்கியபடியே ஓட்டவும் செய்யலாம். பக்கத்து மோதலைத் தாங்கும் பொறுப்பை அந்தக் கனமான சட்டத்திடம் ஒப்படைத்துவிட்டதால், கதவுக்கு வெறும் திரைச்சீலையின் வேலைதான். இதுவரை யாம் சொல்லி வந்த சிக்கலுக்கெல்லாம் இதுவே மிக அழகிய விடை. ஆனால் விலை? உயர்ந்த விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும். புடவை கட்டியவர்களுக்கு அது லேசான காரியமல்ல. 8,000 வண்டிகளோடு நிறுத்திவிட்டார்கள்.

ராங்ளரைச் செய்தவர்களுக்கோ இத்தனை ஜாலம் தெரியாது. தெரிந்தாலும் அக்கறை இல்லை. கதவில்லாமல் போனால் மழை உள்ளே வரும் என்பதை அவர்கள் மறுக்கவும் இல்லை. தரையில் விரித்த கம்பளத்தைச் சுருட்டி எடுக்கும்படி வைத்து, தகட்டில் துவாரங்கள் இட்டு அவற்றுக்கு அடைப்பான்களும் கொடுத்திருக்கிறார்கள். மழை ஓய்ந்ததும் அடைப்பானைப் பிடுங்கினால், உள்ளே நின்ற தண்ணீர் சாலையோடு போய்விடுகிறது.