யார் பெண்கள் பிரிவில் ஓடலாம்?

ஒரு பஞ்சுக் குச்சி. அதைக் கன்னத்தின் உட்புறம் சில நொடிகள் தேய்த்து எடுத்து, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். வலி கிடையாது. சிலருக்குக் குச்சிக்குப் பதில் ரத்தம் எடுப்பதும் உண்டு. உலகத் தரவரிசைக்குரிய தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்குவதற்கு, 2025 செப்டம்பர் 1 முதல், வாழ்நாளில் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்தான் இந்த விதி வந்தபின் நடந்த முதல் பெரிய போட்டி. தேடுவது எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரே ஒரு மரபணுவை. அது இருந்தால், ஓர் அரிய விலக்கைத் தவிர, பெண்கள் பிரிவில் ஓட முடியாது.

இந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விதி சரியா தவறா என்று பேசுவதில் பயனில்லை. கருப்பையில் முதல் ஆறு வாரம் வரை ஆண் கரு, பெண் கரு என்று பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. விந்தகமாகவோ சூலகமாகவோ மாறக்கூடிய ஒரே மாதிரித் திசுதான் இரண்டிலும் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு வேலையைத் தொடங்கினால் அந்தத் திசு விந்தகமாகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டீரான் சுரக்கிறது. அந்த ஹார்மோனை உடம்பின் செல்கள் ஏற்றுக்கொண்டு ஆண் வடிவம் எடுக்கின்றன. மரபணு, சுரப்பி, ஹார்மோன், அதை ஏற்கும் செல் என்று நான்கைந்து கை மாறி நடக்கிற வேலை இது. நடுவில் எங்காவது ஒரு கை தவறினால் உள்ளே ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியுமாக உடல் அமைந்துவிடும். இதைத்தான் பால் வளர்ச்சி வேறுபாடு என்கிறார்கள். விளையாட்டு உலகில் டி.எஸ்.டி. தமிழில் ஊடுபால், இடைப்பால் என்ற சொற்களும் புழங்குகின்றன. திருநங்கையர் விளையாடுவது பற்றிய விவாதம் வேறு, இது வேறு. இங்கே நாம் பேசுவது, பிறந்தபோதே பெண் குழந்தை என்று பெயர் வைத்து, பெண்ணாகவே வளர்ந்தவர்களைப் பற்றி.

இரண்டு உடல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும்.

முதல் உடலில் எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருக்கிறது. எஸ்.ஆர்.ஒய். உண்டு. வயிற்றுக்குள் விந்தகம் உண்டு, டெஸ்டோஸ்டீரானும் சுரக்கிறது. ஆனால் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்களில் வேலை செய்யவில்லை. எவ்வளவு சுரந்தாலும் உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை. இந்தக் குழந்தை பெண்ணாகவே வளரும், மார்பு வளரும், மாதவிலக்கு மட்டும் வராது. டெஸ்டோஸ்டீரானால் கிடைக்கும் தசை பலம் ஒரு துளிகூட இவளுக்குக் கிடையாது. இதுதான் முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. நான் சொன்ன அரிய விலக்கு இவர்களுக்குத்தான்.

இரண்டாவது உடலிலும் எக்ஸ்-ஒய், எஸ்.ஆர்.ஒய்., விந்தகம் எல்லாம் உண்டு. ஏற்பியும் நன்றாகவே வேலை செய்கிறது. டெஸ்டோஸ்டீரானை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி மட்டும் இல்லை. கருவில் ஆண் பிறப்புறுப்பு உருவாக அந்த வீரியமான ஹார்மோன் தேவை. அது இல்லாததால் பிறக்கும்போது பெண்ணுறுப்பு போலவே இருக்கும். பிரசவம் பார்த்தவர் ‘பொம்பளப் புள்ள’ என்று சொல்லித்தான் தாயின் பக்கத்தில் படுக்க வைப்பார். பதின்மூன்று, பதினான்கு வயதில் விந்தகம் ஆண் அளவுக்கு டெஸ்டோஸ்டீரான் சுரக்கத் தொடங்கும்போது, குரல் தடிக்கிறது, தசை திரள்கிறது, தோள் அகல்கிறது.

பஞ்சுக் குச்சிக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றுதான். அதனால்தான் குச்சி ‘இருக்கிறது’ என்று சொன்ன பிறகு மருத்துவர்கள் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, தசை திரண்டால் என்ன, உயரமானவரைக் கூடைப்பந்தில் தடுக்கிறோமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூடைப்பந்தில் உயரத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. தடகளத்தில் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 800 மீட்டரில் ஆண்களின் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 வினாடி. பெண்களுக்கு 1983-இல் பதிவான 1:53.28. இடைவெளி சுமார் 12 விழுக்காடு. பிரிவை எடுத்துவிட்டால் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரி ஓர் இறுதிச் சுற்றைக்கூட எட்டிப் பார்க்க முடியாது. இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் பருவ வயதில் ஆண் உடம்பில் பாயும் டெஸ்டோஸ்டீரான். பெண்களின் ரத்தத்தில் பொதுவாக அது லிட்டருக்கு 2 நானோமோலுக்குள் இருக்கும்; ஆண்களுக்கு ஏழெட்டிலிருந்து முப்பது வரை. பெண்கள் பிரிவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை நான் மனதார ஏற்கிறேன். அந்த எல்லையை எப்படிப் போட்டார்கள் என்ற வரலாறுதான் நெஞ்சைப் பிசைகிறது.

1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வீராங்கனைகள் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நிற்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வந்ததும் குரோமோசோம் சோதனைக்கு மாறினார்கள். 1968 ஒலிம்பிக்கிலிருந்து அது வழக்கமாயிற்று. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்ட்டினெஸ் பத்தின்யோ 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டிக்குப் போனபோது தன் ‘பெண் சான்றிதழை’ எடுத்துச் செல்ல மறந்துவிட்டார். ஆமாம், அப்படி ஒரு அட்டை அப்போது இருந்தது. மறுபடி சோதித்ததில் எக்ஸ்-ஒய் என்று வந்தது. அடுத்த ஆண்டு அவர் உள்நாட்டுப் போட்டியில் ஓடி வென்றதும் விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. உதவித்தொகை போயிற்று, தங்குமிடம் போயிற்று, கல்யாணம் பேசியிருந்தவரும் போய்விட்டார். அவருக்கு இருந்தது நான் முதலில் சொன்ன உடல். டெஸ்டோஸ்டீரானைக் கண்டுகொள்ளாத உடல். எந்த அனுகூலமும் இல்லாத ஒருவரை வெளியேற்றியிருந்தார்கள். போராடி 1988-இல் திரும்ப வந்தார். அதற்குள் ஓட்டக்காரியின் நல்ல வருடங்கள் கழிந்திருந்தன.

இன்று புதிதாகப் பேசப்படும் எஸ்.ஆர்.ஒய். சோதனைகூடப் பழையதுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு இருப்பதாக வந்தது; எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். இதில் பயனில்லை என்று 1999-இல் ஒலிம்பிக் குழு அனைவருக்குமான சோதனையையே கைவிட்டது. அதன்பின் சந்தேகம் வந்தவரை மட்டும் சோதிப்பது என்றானது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் எண்ணம். சந்தேகம் எப்படி வரும்? மார்பு தட்டை, தாடை அகலம், குரல் கனம், எதிர்பாராமல் ஜெயித்துவிட்டாள். கண்ணால் பார்த்து விரல் நீட்டுவதற்குப் பெயர் விதி.

2009-இல் பெர்லினில் 18 வயது காஸ்டர் செமன்யா 800 மீட்டரை 1:55.45-இல் ஓடி, இரண்டாவதாக வந்தவரை இரண்டு வினாடிக்கு மேல் பின்தள்ளி உலக சாம்பியனானார். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்துக் கிராமத்துப் பெண். இறுதி ஓட்டத்தன்றே, அவர் பால் சோதனைக்கு உட்படுத்தப்பட்டிருக்கிறார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஒரு பெண்ணின் உள்ளுறுப்புகளைப் பற்றி முன்பின் தெரியாதவர்களெல்லாம் தேநீர்க் கடையில் பேசினார்கள்.

பிறகு வந்த விதிகள் மரபணுவை விட்டு டெஸ்டோஸ்டீரான் அளவைப் பிடித்துக்கொண்டன. 2011-இல் வரம்பு லிட்டருக்கு 10 நானோமோல். அந்த விதியால் 2014 காமன்வெல்த் போட்டிக்குப் போக முடியாமல் நிறுத்தப்பட்டவர் ஒடிசாவின் டுட்டீ சந்த், நெசவாளர் வீட்டுப் பெண். மருந்து எடுத்துக்கொள் என்பதற்கு மறுத்து, சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்த ஹார்மோனால் எவ்வளவு அனுகூலம் என்பதைச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு நிரூபிக்கவில்லை என்று 2015-இல் நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது. 2018-இல் அவர் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கினார்.

கூட்டமைப்பு புதிய விதியோடு திரும்பி வந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களில் மட்டும், 5 நானோமோலுக்குக் கீழ். செமன்யா எதிர்த்து வழக்குப் போட்டார். 2019-இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது: விதி பாகுபாடானதுதான், ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்க அவசியமானது என்று மூவரில் இருவர் சொன்னார்கள். அவர் 800 மீட்டரை விட்டாலும் வழக்கை விடாமல் நடத்தினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் நீதிமன்றத்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. விதி செல்லுமா என்பதற்குள் அது போகவில்லை. இதற்கிடையே, 400 மீட்டரில் தடுக்கப்பட்ட நமீபியாவின் 18 வயது கிறிஸ்டின் எம்போமா, தடையில்லாத 200 மீட்டருக்கு மாறி 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். 2023-இல் வரம்பு 2.5 ஆயிற்று, எல்லா ஓட்டங்களுக்கும், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து. இப்போது ஹார்மோனையும் தள்ளிவைத்துவிட்டு மரபணுவுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016 ரியோவில் 800 மீட்டரில் பதக்கம் வாங்கியவர்கள் செமன்யா, புருண்டியின் நியோன்சாபா, கென்யாவின் வாம்புய். மூவரும் டெஸ்டோஸ்டீரான் வரம்பு விதிக்கு உட்படுபவர்கள் என்பது பின்னாளில் அவர்கள் வாயாலேயே வெளிவந்தது. கனடாவின் மெலிசா பிஷப் தன் நாட்டுச் சாதனையைப் போட்டும் நான்காவதாக வந்து வெறுங்கையோடு நின்றார். அவரும் விடியலில் எழுந்து ஓடியவர்தான். மிகச் சிலருக்கே அமையும் உடல், ஓர் ஒலிம்பிக் மேடையின் மூன்று படிகளையும் நிரப்பியது தற்செயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே எல்லை இருக்கட்டும். ஆனால் சோதனை முடிவு முதலில் யாருக்குத் தெரியவேண்டும்? அந்தப் பெண்ணுக்கு. இந்த ஒன்றை எந்த விதியும் இதுவரை உருப்படியாகக் காக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜனைத் தமிழ்நாடு மறந்திருக்காது. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் 2:03.16-இல் ஓடி வெள்ளி வென்றார். சில நாட்களில் பால் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். செய்தி ஊரெல்லாம் ஓடியது. மாநில அரசு கொடுத்த 15 லட்ச ரூபாயைப் பறிக்கவில்லை என்பது ஆறுதல். சில ஆண்டுகள் கழித்து அவரே சூளையில் செங்கல் சுமந்தார். பிறகு பயிற்சியாளரானார். ஏமாற்றியவரைப் போல அவர் நடத்தப்பட்டார். தன் உடலின் உட்புறம் தனக்கே தெரியாத ஒருவர் எப்படி ஏமாற்ற முடியும்?

இன்னொரு கொடுமை கத்தியின் வடிவில் வந்தது. வளரும் நாடுகளைச் சேர்ந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்குப் பிரான்சில் உள் விந்தகங்களை நீக்கியதோடு பிறப்புறுப்பையும் குறைத்த கதையை, 2013-இல் மருத்துவர்களே ஆய்விதழில் எழுதினார்கள். பிறப்புறுப்பை வெட்டுவதற்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்குத் தேவையில்லாத இத்தகைய அறுவைசிகிச்சையைத் தடுக்கச் சொன்னது; தமிழ்நாடு அரசும் ஆணை பிறப்பித்தது. குழந்தைக்குக் கிடைத்த இந்தக் காவல் ஓட்டக்காரிக்கும் வேண்டும்.

கிராமத்துப் பள்ளி மைதானத்தில் ஓடும் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினைந்து, பதினாறு வயதாகியும் அவள் வயதுக்கு வரவில்லை என்றால், ‘ஓடி ஓடி உடம்பு வத்திப்போச்சு, அதான்’ என்று வீட்டிலும் மைதானத்திலும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கடும் பயிற்சியால் தள்ளிப்போவதும் உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமாக இருக்கவேண்டியதில்லை. அம்மாவும் மகளும் மட்டுமாக ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேனும் ரத்தச் சோதனையும் செய்துகொள்ளலாம். வயிற்றுக்குள் தங்கிய விந்தகத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிலருக்கு உண்டு. பதக்கக் கணக்கே இல்லாவிட்டாலும் இதற்காகவாவது பார்த்தாக வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் அதை அவள் ஒரு மருத்துவர் அறையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கதவு சாத்தியிருக்கக் கேட்கட்டும். மேற்கொண்டு எங்கே ஓடுவது, ஓடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் அவள் யோசிக்கலாம்.