மீட்புப் பணிக்கு ஏற்ற ஹெலிகாப்டர்

வெள்ளத்தில் தத்தளிப்போரையும் மலையில் சிக்கியோரையும் காக்க ஒரு ஹெலிகாப்டர் வந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், எந்த ஹெலிகாப்டர் வருகிறது என்பதில்தான் உயிர்கள் அடங்கியுள்ளன.

ஹெலிகாப்டர் தன் சுழல் இறக்கைகளால் காற்றைக் கீழே தள்ளி மேலெழுகின்றது. உயரம் கூடினாலும் வெப்பம் மிகுந்தாலும் காற்றின் அடர்த்தி குறையும். அதற்கேற்பச் சுமக்கும் திறனும் குறையும். மேலும், அந்தரத்தில் அசையாது நிற்பதற்கு, மிதமான வேகத்தில் முன்னோக்கிப் பறப்பதைவிட மிகுதியான ஆற்றல் வேண்டும். மீட்புப் பணியோ பெரும்பாலும் அவ்வாறு நின்று செய்யப்படுவது. ஆகவே, 'எவ்வளவு விரைவாகப் பறக்கும்?' என்பதைக் காட்டிலும், 'அவ்வுயரத்தில், அச்சுமையுடன் நிற்குமா?' என்பதே முதல் வினா ஆகும்.

2013 ஜூன் மாதம் உத்தரகண்டில் நேர்ந்த பெருவெள்ளம் இதற்குத் தக்க சான்று. 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கேதார்நாத்திலும் அதன் பள்ளத்தாக்குகளிலும் பல்லாயிரவர் சிக்கினர். ஏறத்தாழ 20 டன் சுமக்கவல்ல மி-26, எரிபொருளைக் கௌச்சர் தளத்திற்குக் கொண்டு சேர்த்தது. நடுத்தர அளவுள்ள மி-17 வகைகள் மக்களைக் கூட்டமாக ஏற்றி வந்தன. விமானியுடன் நால்வர் மட்டுமே அமரக்கூடிய சீட்டா போன்ற சிறு ஊர்திகள், பெரியவை இறங்க இயலாத குறுகிய இடங்களுக்குச் சென்றன. பெரியது சிறந்தது, சிறியது தாழ்ந்தது என்னும் வேறுபாடு அங்கு எழவில்லை.

கடலில் அளவுகோல் வேறு. அங்கே அவசரமாக இறங்க நிலமில்லை. ஓர் எஞ்சின் பழுதுற்றாலும் மற்றொன்று கரைசேர்க்க வேண்டும் என்பதால் இரட்டை எஞ்சின் விரும்பப்படுகிறது. சென்று, தேடி, மீண்டுவரப் போதிய எரிபொருளும், இரவில் காணும் கருவிகளும், ஆளைத் தூக்கும் கயிற்றுப் பொறியும் இன்றியமையாதவை. இப்பொறியின் பயனை நிலத்திலும் கண்டோம். 2018 ஆகஸ்டு 17 அன்று கேரளத்தின் ஆலுவாவில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படையினர் கயிற்றால் தூக்கி மீட்டனர். அன்றே அவர் ஆண்மகவை ஈன்றார்.

எனினும், பொருத்தமான ஊர்தியும் ஆபத்தை முற்றும் நீக்கிவிடாது. 2013 ஜூன் 25 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய மி-17 வி5 கௌரிகுண்டின் அருகே விழுந்ததில், மீட்கச் சென்ற 20 பேர் உயிர்நீத்தனர். பிறரைக் காக்கச் செல்வோரின் உயிரும் அத்தேர்வில் அடங்கியிருத்தலால், விலையும் தோற்றமும் நோக்காது, இடமும் உயரமும் தொலைவும் நோக்கித் தேர்தலே அறிவுடைமை ஆகும்.